அடைக்கோழியும் மூன்று கூட்டாளிகளும்

கோயமுத்தூர் கணபதியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் மாரப்பன், சின்னுச்சாமி, ஆறுக்குட்டி என்று மூன்று கூட்டாளிகள் சர்க்யூட் போர்டு செய்து வந்தார்கள். சொன்ன சொல் தட்டாதவர்கள். வினையே அங்கேதான்.

ஒருநாள் மயிலாத்தாள் முட்டை பொரிக்கும் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினாள். முட்டைக்குச் சூடு கொடுக்கும் பல்பை எரியவைக்கிற போர்டு உள்ளே கருகிக் கிடந்தது.

"வூட்டுல அறுபது முட்டை இருக்குதுங்க. ஒரு வாரம் தாண்டுனா அத்தனையும் கூமுட்டை. இருக்கறது ஒரே அடைக்கோழி, அது பத்துக்கு மேல தாங்காது. என்ற பண்ணையே உங்க கையிலதானுங்க" என்று கண் கலங்கினாள்.

பேட்டரி கரண்டைப் பல்புக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்கும் சிப் ஒன்று வாங்கினார்கள். விற்ற இன்ஜினியர் பெஞ்சமின் மூன்று யோசனை சொன்னார்.

"கெப்பாசிட்டரை சிப்புக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல வைங்க. சிப்புக்கு அடியில நிறைய ஓட்டை போடுங்க, சூடு இறங்கிடும். கடைசியா சிப் மேல விரல் வச்சுப் பத்து எண்ணுங்க. விரல் தாங்கினா போர்டு பாஸ்."

"பக்கம்னா ஒரு நூல் இடைவெளி போதுமா மச்சான்?" என்றார் மாரப்பன்.

"அரை நூல் இன்னும் பக்கமாச்சே" என்றார் சின்னுச்சாமி.

"மேலயே ஏத்திருங்க. அதைவிடப் பக்கம் ஏது?" என்றார் ஆறுக்குட்டி. ஏற்றி, பசை போட்டு ஒட்டினார்கள்.

அடுத்தது ஓட்டை. போர்டு இடியாப்பத் தட்டு மாதிரி ஆகும்வரை துளைத்தார்கள். எழுபதாவது ஓட்டையில் சிப் பொத்தென்று கீழே விழுந்தது.

"சூடுதானே எறங்கும்னாரு?"

"சூடு சிப்புக்குள்ளதானே இருக்குது? ரெண்டும் சேர்ந்துதான் எறங்கும்." கம்பியால் கட்டி நிறுத்தினார்கள்.

பிறகு விரல் சோதனை. மாரப்பன் இரண்டு எண்ணுவதற்குள் அலறினார். சின்னுச்சாமி வேகமாக எண்ணியும் நாலைத் தாண்டவில்லை.

"சூட்டைக் கொறைக்கலாமா?"

"அவரு எண்ணத்தான் சொன்னாரு. கொறைக்கச் சொல்லலையே."

ஆறுக்குட்டி பதினைந்து வருஷம் பரோட்டாக் கல்லில் நின்றவர். காய்ச்சுப்போன விரலை வைத்து, நிதானமாக நூறு எண்ணினார். பத்துத் தடவை பாஸான போர்டு என்று மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

பெட்டியில் மாட்டினால் பல்பு எரியவே இல்லை. மயிலாத்தாள் தலையில் கை வைத்தாள். ஆனால் கொதித்த சிப்பில் பெட்டி கதகதவென்று இருந்தது. கொட்டகையிலேயே முட்டைகளை அடுக்கினாள். இருபத்தோராம் நாள் ஐம்பத்தெட்டு குஞ்சு! அவள் சந்தோஷத்தில் மூவருக்கும் வெல்லம் ஊட்டினாள்.

கேள்விப்பட்ட பெஞ்சமின் பதறிப்போய், முறையாக ஒரு போர்டு செய்து கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் கழித்து கொட்டகைக்கு வந்து பார்த்தால், பெட்டியில் பழைய போர்டே கொதித்துக்கொண்டிருக்கிறது.

"என் போர்டு எங்கேங்க?"

"தொட்டுப் பார்த்தோமுங்க. ஜில்லுனு கெடந்துச்சு" என்றார் மாரப்பன் வருத்தமாக.

சின்னுச்சாமி மூலையிலிருந்த கூடையைக் காட்டினார். மயிலாத்தாளின் அடைக்கோழி இறக்கையை விரித்து, கர்ரென்று உட்கார்ந்திருந்தது.

"கிட்டப் போகாதீங்க, கொத்தும்" என்றார் ஆறுக்குட்டி. "இன்னும் பதினாலு நாளுங்க. பொரிச்சதும் உங்களுக்கும் ரெண்டு தர்றோம்."