எண்ணாமல் எழுதிய இருபது

நவமணி சிஸ்டருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த தெய்வானைக்கு நாற்பத்தெட்டு. நர்ஸ் படிப்பு முடித்த கையோடு கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, இத்தனை வருஷம் கழித்து மறுபடி யூனிஃபார்ம் போட்டவர் தெய்வானை. குரு சிஷ்யையை “அக்கா” என்று கூப்பிட்டார். சிஷ்யை குருவை “சிஸ்டர்” என்று கூப்பிட்டார். அந்த ஆண்கள் வார்டில் யாருக்கும் இதில் குழப்பம் இல்லை.

ஒரு நாள் காலை. தெய்வானை எழுதிவைத்த சார்ட்டுகளை நவமணி ஒவ்வொன்றாகப் புரட்டினார். காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் ஏற வேண்டிய தாள்கள்.

“அக்கா, நம்ம வார்டுல பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் நிமிஷத்துக்கு இருபது தடவை மூச்சு விடுறாங்களாமே. கூடிப் பேசி வெச்சுக்கிட்டாங்களா?”

தெய்வானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நர்ஸ் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும், வெளியில் சொல்ல மாட்டார்கள். நாடிக்கும் அழுத்தத்துக்கும் மெஷின் இருக்கிறது. மூச்சைத்தான் ஒரு நிமிஷம் முழுக்க நின்று எண்ண வேண்டும். காலை அவசரத்தில் அந்த ஒரு நிமிஷத்துக்கு எங்கே போவது?

“படிக்கிறப்பவே சீனியர் அக்காங்க அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க சிஸ்டர். ஆள் நல்லா இருந்தா இருபது போடு, மூச்சு வாங்கினா டாக்டரைக் கூப்பிடுன்னு.” கொஞ்சம் தயங்கி, தெய்வானை கேட்டார்: “மனுஷன் கண்ணு முன்னாடி மூச்சு விடுறான். அதைப் போய் எதுக்கு எண்ணணும்?”

நவமணி சார்ட்டை மூடினார். “வாங்க” என்றார்.

ஒன்பதாம் கட்டிலில் பரஞ்சோதி உட்கார்ந்திருந்தார். பந்தல் போடுகிறவர். காய்ச்சலோடு வந்து நான்கு நாள் ஆகிறது. காய்ச்சல் விட்டதால் இன்று வீட்டுக்குப் போகலாம் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். நாளை அவருடைய ஒரே மகளுக்கு நிச்சயதார்த்தம். மனுஷன் விடிந்ததுமே குளித்து, சட்டை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

“எண்ணுங்க அக்கா” என்றார் நவமணி.

தெய்வானை கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தார். “அண்ணே, மூச்சு எண்ணப் போறேன். அசையாதீங்க.”

அவ்வளவுதான். பரஞ்சோதி போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நிதானமாக, பெரிசு பெரிசாக மூச்சு விட்டார்.

“பதினாறு! நான் போட்டதைவிட நல்லாவே இருக்கார் சிஸ்டர்.”

“அப்போ கெளம்பட்டுமா?” என்றார் பரஞ்சோதி.

“கெளம்பலாம் அண்ணே. ஒரு தடவை நாடி மட்டும் பார்த்துடறேன்.”

நவமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிஷத்தில் நாடி எண்ணி முடிந்தது. கையை விடவில்லை. இன்னும் நாடிதான் பார்க்கிறார் என்று பரஞ்சோதி ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நவமணியின் கண் அவர் சட்டையின் மூன்றாவது பட்டனில் இருந்தது. பட்டன் ஏறி இறங்கியது. இன்னொரு நிமிஷம் போனது.

எழுந்து தெய்வானை காதில் சொன்னார்: “இப்போ நீங்க. நான் செஞ்ச மாதிரியே. எனக்கு எத்தனை வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்.”

“ரெண்டு பேருக்கும்… என் நாடி மேல… அவ்வளவு பிரியமா?” பரஞ்சோதி சிரித்தபடி கையை நீட்டினார். இந்தச் சின்னப் பேச்சுக்கு நடுவில் அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு எடுத்ததைத் தெய்வானை அப்போதுதான் கவனித்தார்.

பிடித்தார். எண்ணினார். முப்பத்திரண்டு.

தெய்வானை பேனாவை எடுத்தார். “சிஸ்டர், சார்ட்ல பழசை அடிச்சிடவா?”

“அடிக்கக் கூடாதுக்கா. அது அங்கேயே இருக்கட்டும். கீழே நேரம் போட்டு இதை எழுதுங்க.”

டியூட்டி டாக்டர் இளமாறன் வந்தார். சார்ட்டைப் பார்த்தார். “நாலு நாளா இருபது. இன்னிக்குக் காலையிலயும் இருபது. ஒரு மணி நேரத்துல முப்பத்திரண்டா? வீட்டுக்குப் போற படபடப்பா இருக்கும் சிஸ்டர். காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சு இருக்கு. அனுப்பிடலாம்.”

பரஞ்சோதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

நவமணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெய்வானையைப் பார்த்தபடி நின்றார்.

“டாக்டர்” என்றார் தெய்வானை. “அந்த இருபதெல்லாம் நான் எண்ணாம எழுதினது. நாலு நாளும். சார்ட்ல இந்த முப்பத்திரண்டு மட்டும்தான் எண்ணி எழுதினது.”

அடுத்தடுத்த கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை வயசு டாக்டர் முன்னால், அத்தனை பேர் காதுபட அதைச் சொல்ல அந்த அம்மாள் என்ன பாடு பட்டிருப்பார்! எனக்கே பாவமாக இருக்கிறது.

டாக்டர் திட்டவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துப் பரஞ்சோதியின் முதுகில் வைத்தார். வலது பக்கம், கீழே, ஒரே இடத்தில் வெகு நேரம் வைத்திருந்தார். “அண்ணே, பையை இறக்கி வைங்க” என்றார்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி சளி கட்டி வெள்ளையாக இருந்தது. மத்தியானத்துக்குள் ஆக்சிஜன் வைக்கும்படி ஆயிற்று. வீட்டுக்குப் போயிருந்தால் அந்த நேரத்தில் அவர் மகளுக்காகப் பந்தல்காலில் ஏறி நின்றிருப்பார்.

பரஞ்சோதிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூக்கில் மாட்டியதை இழுத்துவிட்டுத் தெய்வானையைப் பார்த்துக் கத்தினார்: “ஊர்ல பாதிக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் நான். என் மக நிச்சயத்துக்கு என்னையே கட்டிப் போட்டுட்டியே தாயி!”

“திட்டுங்கண்ணே” என்று தெய்வானை அதை மறுபடி மாட்டிவிட்டார். “திட்டறதுக்கும் மூச்சு வேணும்ல.”

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள். அடுத்த முகூர்த்தத்துக்குத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். அதற்குள் பரஞ்சோதி ஒரே மூச்சில் பேசத் தொடங்கியிருந்தார். “இந்தம்மாதான் என்னைப் போக விடாதவங்க” என்று தெய்வானையைக் காட்டினார். புகாரா புகழ்ச்சியா என்று சம்பந்திக்குப் புரியவில்லை. எழுந்து நின்று கும்பிட்டுவைத்தார்.

அன்று வேலை முடிந்து இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சிஸ்டர், எனக்கு ஒரு பயம்.”

“சொல்லுங்கக்கா.”

“இப்பல்லாம் பதினெட்டுப் பேர்கிட்டயும் நீங்க காட்டின மாதிரிதான் செய்றேன். நாடி எண்ணி முடிச்சும் கையை விடறதில்லை. என்னைக்காவது ஒருத்தர், எண்ணியாச்சே, இன்னும் எதுக்குக் கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்கன்னு கேட்டுட்டா என்ன பதில் சொல்றது?”

நவமணி டம்ளரைக் கீழே வைத்தார்.

“பதிமூணு வருஷமா பிடிக்கிறேன் அக்கா. கையை விடுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.”