இன்னும் மாட்டாத கதவு எண்

கோயமுத்தூரில் பம்ப்செட்டுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிற ஒரு கம்பெனி. அங்கே குருவுக்கு வயது இருபத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு நஸீமா, கெர்னல் எழுதுகிறவள்; பெட்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரை எழுப்பி நடத்துகிற அடிப்படை மென்பொருள் அது. சீடர் சென்னியப்பன், இருபது வருஷம் சால்டரிங் பார்த்துவிட்டு இப்போது அவளிடம் அதைக் கற்றுக்கொள்கிறவர். கேலிக்குத்தான் "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரே மாதத்தில் கேலி போய் அந்தப் பேர் மட்டும் நின்றுவிட்டது.

அன்றைக்கு மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு வருஷம் அவரே வரைந்து உருவாக்கிய சர்க்யூட் போர்டு மேஜையில் கிடந்தது. மின்சாரம் கொடுத்தால் கெர்னல் எழ ஆரம்பித்து, எழும்போதே செத்துப்போகிறது. "சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா போர்டுதான் கோளாறு. தூக்கிப் போட்டுடலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"குருவே, கெர்னலோட முதல் வரியிலயே பிரேக்பாயின்ட் போட்டேன். இங்க வந்தா நில்லுன்னு காவல் வெச்சாச்சு. நிக்கவே மாட்டேங்குதுங்க."

"மெமரியில எந்த முகவரியில வெச்சீங்கண்ணா?"

"எந்த வரி எந்த முகவரியிலன்னு கெர்னலோட ஒரு லிஸ்ட் வருதில்லீங்களா, அதுல இருக்கிற முகவரியிலதான். பத்துத் தடவை சரிபார்த்தேன்."

நஸீமா திரையைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினாள். "பின்னாடி வீதியில பூங்கோதையக்கா வீட்ல சாப்பாடு சொல்லியிருக்கேன். கதவு எண் ஐம்பத்தெட்டு. வாங்கிட்டு வந்துடுங்க."

"இங்க போர்டு சாகக் கிடக்குது. உங்களுக்குச் சோறுங்களா?"

"பசிக்குதுண்ணா."

முணுமுணுத்துக்கொண்டே போனார். வீதியை இரண்டு தரம் அளந்தார். ஐம்பத்தெட்டும் இல்லை, ஐம்பதும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் இஸ்திரி வண்டிக்காரரிடம் சீட்டைக் காட்டினார்.

"இந்த வீதியே முப்பத்திரண்டோட முடியுதுங்க" என்று அவர் சிரித்தார். "நாப்பத்தொரு வீடு இருக்கிற மேல் வீதியையும் இதையும் ஒண்ணாச் சேர்த்துட்டாங்க. இனி இங்க எல்லா வீட்டுக்கும் நாப்பத்தொண்ணு கூடும். வரிச் சீட்டுலகூடப் புது நம்பர் வந்திருச்சு, வாசல்லதான் இன்னும் தகடு மாட்டல. நாப்பத்தொண்ணைக் கழிச்சுட்டுத் தேடுங்க."

பதினேழாம் வீட்டுக் கதவைத் தட்டினார். பூங்கோதையக்கா கேரியரை நீட்டினாள். ரசம் மணத்தது. வாசற்படி இறங்குகிறபோதே சென்னியப்பனுக்குச் சுரீரென்றது.

"அட, மடையா!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, அந்த வயதில் ஓடினார்.

லிஸ்ட்டில் இருந்தவை, கெர்னல் முழுசாக எழுந்து தனக்கென்று ஒரு முகவரி அட்டவணை போட்டுக்கொண்ட பிறகு செல்லும் முகவரிகள். அதுவரைக்கும் அது, ரேமில் எங்கே இறக்கினார்களோ அங்கேயேதான் ஓடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டார். முதல் வரியின் முகவரியிலிருந்து அதைக் கழித்தார். காவலை அங்கே வைத்தார்.

நின்றது.

அங்கிருந்து வரி வரியாக நடத்திப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் திருடன் அகப்பட்டான். போர்டில் ரேம் ஒரு ஜிபி. போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்கிற கோப்பில் இரண்டு என்றிருந்தது. இல்லாத ரேமில் அட்டவணையை எழுதப் போய்த்தான் அது செத்தது. கோப்பை எழுதியவர் சென்னியப்பனேதான். அதனாலென்ன, போர்டு பிழைத்தது! மேனேஜர் வந்து பார்த்து, போர்டை அவர் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறிப்போன ரசத்தை அமிர்தமாகக் குடித்தார்.

சந்தோஷத்தில் இன்னும் நாலு இடத்தில் காவல் வைத்தார். எல்லாவற்றிலும் மறக்காமல் கழித்தார். முதல் இரண்டில் நின்றது. கெர்னல் அட்டவணை போட்டு முடித்த பிறகு ஓடுகிற வரிகளில் வைத்த மற்ற இரண்டில், ஊஹூம்.

"குருவே, கழிச்சுத்தானே வெச்சேன்! எது வரைக்குமுங்க கழிக்கணும்?"

நஸீமா காலிக் கேரியரைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு இதைத் திருப்பிக் கொடுக்கப் போவீங்கல்லண்ணா? அப்படியே அக்கா வீட்டு வாசல்ல தகடு மாட்டிட்டாங்களான்னு பார்த்துட்டு வாங்க."