செங்கண்ணி வாங்கிய அக்கரை வளை

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காடு. அங்கே எதை வாங்கினாலும் புளியங்கொட்டைதான் காசு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மணற்காடு. அங்கே கிளிஞ்சல்தான் காசு. ஒரு கரையின் காசு மறு கரையில் செல்லாது. துறையில் உட்கார்ந்திருக்கும் ஆமையிடம் கொடுத்தால் மாற்றித் தரும். அக்கரை வளைகளை வாங்குவதும் விற்பதும்கூட அதன் வழியாகத்தான்.

இந்தக் கரையில் செங்கண்ணி என்றொரு கீரி இருந்தது, குழந்தைகளே. புற்றடியில் அதற்கு ஒரு சொந்த வளை, மூன்று குட்டிகள், வேளாவேளைக்கு ஓணான். எந்தக் குறையும் இல்லை. ஆனால் பக்கத்து வளை முள்ளம்பன்றி ஒரு கிழங்கு கூடுதலாகத் தின்றால் போதும், செங்கண்ணிக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் முள்ளம்பன்றி சிரித்துக்கொண்டே வந்தது.

"செங்கண்ணி, அக்கரையில ஒரு வளை வாங்கிட்டேன். முயல் குடும்பம் ஒண்ணு வாடகைக்கு வந்திருக்கு. மாசம் பத்துக் கிளிஞ்சல்!"

"ரொம்ப சந்தோஷம் அண்ணே" என்றது செங்கண்ணி.

சந்தோஷமாவது, மண்ணாவது! வயிறு பற்றி எரிந்தது. இந்த உருண்டைப் பயலுக்கு அக்கரையில் வீடா? கிழங்கு தோண்டுவதைத் தவிர இவனுக்கு என்ன தெரியும்? எனக்கு என்ன குறைச்சல்? அன்று பிடித்த ஓணானைக்கூடச் செங்கண்ணி பாதியிலேயே வைத்துவிட்டது.

மறுநாள் காலையில் ஆமையின் முன் போய் நின்றது.

"முள்ளம்பன்றி வாங்கின வளைக்கு எத்தனை வாசல்?"

"ரெண்டு."

"எனக்கு மூணு வாசல் வேணும்."

மூன்று வாசல் வளை ஒன்று இருக்கத்தான் இருந்தது. விலை நூறு கிளிஞ்சல், மாத வாடகை பன்னிரண்டு. அப்போது ஒரு கிளிஞ்சலுக்கு ஐந்து புளியங்கொட்டை. ஆக, ஐந்நூறு கொட்டை வேண்டும். செங்கண்ணியிடம் இருந்ததோ இருநூறு.

அது என்ன செய்தது தெரியுமா? குட்டிகள் பிறந்த புற்றடி வளையை முந்நூறு கொட்டைக்குப் பெருச்சாளியிடம் விற்றது. அதே வளையில் மாதம் முப்பது கொட்டை வாடகைக்குத் தானே குடியிருந்துகொண்டது. அக்கரையிலிருந்து வரும் பன்னிரண்டு கிளிஞ்சல் அறுபது கொட்டையாகுமே, பாதியை வாடகைக்குக் கொடுத்தால் மீதி லாபம்தானே!

கொட்டைகளை எண்ணி வாங்கிய ஆமை சொன்னது: "இன்னைக்கு அஞ்சு. நாளைக்கும் அஞ்சுதான்னு நான் சொல்ல மாட்டேன். கிளிஞ்சல் ஏறும், இறங்கும்."

"இதை முள்ளம்பன்றிகிட்டயும் சொன்னியா?"

"சொன்னேன். அவர் வாங்கினதோட சரி, திரும்ப மாத்த இந்தப் பக்கம் வந்ததே இல்லை."

"அவனே பயப்படலை, நான் ஏன் பயப்படணும்?" என்று செங்கண்ணி வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. முள்ளம்பன்றி ஏன் மாற்ற வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. "அண்ணே, உங்களுக்குப் பத்துதானே? எனக்குப் பன்னிரண்டு" என்று செங்கண்ணி தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடும்.

மூன்றாம் மாதம் ஆற்றில் வெள்ளம் வந்தது. வடிந்தபோது அக்கரை முழுக்கக் கிளிஞ்சலைக் குவித்துவிட்டுப் போனது. எங்கு பார்த்தாலும் கிளிஞ்சல். அங்கே எல்லாவற்றின் விலையும் ஏறியது.

"செங்கண்ணி, உன் வளை இப்ப நூத்தி இருபது போகுது" என்றது ஆமை.

"முள்ளம்பன்றியோடது?"

"நூத்திப் பத்து."

செங்கண்ணிக்கு உச்சி குளிர்ந்தது. அந்த மாத வாடகைக் கிளிஞ்சல் பன்னிரண்டையும் ஆமையின் முன் நீட்டியது. ஆமை இருபத்து நான்கு கொட்டையை எண்ணி வைத்தது.

"என்ன இது? அறுபது எங்கே?"

"கிளிஞ்சல் மலிஞ்சு போச்சு. இப்ப ஒண்ணுக்கு ரெண்டுதான்."

பெருச்சாளியின் வாடகைக்கே ஆறு குறைந்தது. முன்மாத மீதியும் செலவாகிவிட்டது, வெள்ளத்தில் ஓணானும் அகப்படவில்லை, குட்டிகளின் சாப்பாட்டுக்கு எதுவும் இல்லை. செங்கண்ணி பதறிப்போய் அக்கரை வளையை விற்றது. நூற்று இருபது கிளிஞ்சல் வந்தது. மாற்றினால் இருநூற்று நாற்பது கொட்டை. வாடகை குறைந்ததும் செங்கண்ணியை வெளியேற்றிவிட்ட பெருச்சாளி, புற்றடி வளையைத் திரும்பத் தரக் கேட்டதோ முந்நூறு.

"அறுபதுதானே குறையுது? மழை வருது, குட்டிகளைப் பாருங்க" என்று செங்கண்ணி கெஞ்சியது.

"அறுபது கொட்டையோட வா" என்று பெருச்சாளி வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது.

முட்புதருக்குள் குட்டிகள் மூன்றும் நனைந்து நடுங்கின. முள்ளம்பன்றி ஓடி வந்து அவற்றுக்கு இலை பரப்பிக் கொடுத்தது. அப்போதும் செங்கண்ணிக்கு மனசு ஆறவில்லை.

"அண்ணே, உங்களுக்கும் நஷ்டம்தானே?" என்று ஆசையோடு கேட்டது.

"எனக்கு என்ன நஷ்டம்? என் பொண்ணை அக்கரையிலதானே கட்டிக் கொடுத்திருக்கேன். வாடகையை அவளே வாங்கிக்கிறா. அந்தக் கிளிஞ்சல்லதான் அவ பிள்ளைங்க அங்க சாப்பிடுது. நான் ஒரு கிளிஞ்சலைக்கூட இங்க கொண்டு வந்ததில்லையே!"

செங்கண்ணி வாசலை எண்ணியது, வாடகையை எண்ணியது. அந்தக் கிளிஞ்சல் எங்கே செலவாகிறது என்பதை மட்டும் கேட்காமல் விட்டது.

மழை வலுத்தது. புற்றடி வளைக்குள்ளிருந்து பெருச்சாளியின் குறட்டை கேட்டது.

நீதி: அடுத்தவர் வாங்கினார் என்று பொறாமையில் வெளியூரில் வீடு வாங்காதே, அந்த ஊர்க் காசு உன் ஊரில் என்ன பெறும் என்று பார்த்து வாங்கு.