கொம்பு உள்ளவர்க்கே பேச்சு

வடக்கே பனிக்காட்டில் ஒரு மான் கூட்டம் இருந்தது. அங்கே ஆணுக்கும் கொம்பு உண்டு, பெண்ணுக்கும் கொம்பு உண்டு. சபையில் பேச்சு மட்டும் ஆணுக்கு.

தவிட்டி என்ற பெண்மான் சபை வாயிலில் வந்து நின்றது. போன குளிர்காலத்தில் மேய்ச்சல் தேடிப் போகையில், சபை சொன்னபடி கூட்டம் உறைந்த ஏரி மேல் நடந்தது. பனி உடைந்தது. தவிட்டியின் குட்டி மூழ்கிப்போனது. இந்த வருஷக் குட்டி இப்போது அதன் காலடியில் நின்றது.

"வழியைப் பற்றி நானும் பேசணும்."

காவல் ஆந்தை சொன்னது: "கொம்பு உள்ளவர்க்கே பேச்சு. சட்டம் தெரியாதா?"

"என் தலையில் இருப்பது என்னவாம்?"

தலைவன் கிளைக்கொம்பன் சிரித்தது. "அதுவா? சுள்ளி. குருவி உட்கார ஆகும்."

தவிட்டி விடவில்லை. பெண்மான்களைத் திரட்டிக்கொண்டு தினமும் வந்து நின்றது. அதற்குள் வளைகொம்பன் தலைமைக்குப் போட்டியிட்டது. இரண்டும் முட்டின. முட்டிக்கொண்டே இருந்தன.

"முதலில் தலைவர் யார் என்று தீரட்டும். பெண்கள் விஷயம் அப்புறம்" என்றன ஆண்மான்கள்.

"அப்புறம் என்றால் எப்போ?"

"அப்புறம் என்றால் அப்புறம்!"

இலை உதிர்ந்தது. பனி கொட்டியது. சண்டை தீரவில்லை. ஆண்மானுக்குக் குளிரில் கொம்பு உதிரும். பெண்மானுக்கு வசந்தம் வரை நிற்கும். சண்டை மும்முரத்தில் இதை யார் நினைத்தது? ஆண்களின் கொம்புகள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழுந்தன.

சபை கூடியது. கிளைக்கொம்பன் மொட்டைத் தலையோடு வந்தது. ஆந்தை மறித்தது.

"கொம்பு எங்கே?"

"விழுந்துவிட்டது. நான் தலைவனய்யா!"

"தலைவன் என்றால் கொம்பா முளைத்திருக்கு? சட்டம் நீங்கள் போட்டதுதான். தள்ளி நில்லுங்கள்."

உள்ளே கொம்புள்ள பெண்மான்கள் மட்டும். "வெளியிலேயே கிடக்கட்டும். நன்றாய்க் குளிரட்டும்" என்றது ஒன்று. எல்லாம் சிரித்தன. தவிட்டியும் சிரித்தது. பிறகு சொன்னது:

"வசந்தம் வந்தால் நமக்கும் விழும், அக்கா. அந்தச் சட்டத்தைத் தூக்கி எறியுங்கள். எல்லாரும் வரட்டும்."

ஆண்மான்கள் தலைகுனிந்து வந்தன. கிளைக்கொம்பன் முனகியது: "ஏரி வழிதான் கிட்ட."

"கிட்டதான்" என்றது தவிட்டி. "என் குட்டி பாதி வழி போச்சு."

கூட்டம் மலையைச் சுற்றிப் போனது. ஒரு குட்டி குறையாமல் போய்ச் சேர்ந்தது.

பாதிப் பேரை வெளியே நிறுத்தி எடுக்கிற முடிவில், மூழ்குவது எல்லாருடைய குட்டியும்தான்.