மூணு முள்ளும் காவல்காரி காத்தாயியும்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம், அவ தொண்டைக்குள்ள கண்ணுக்கே தெரியாத கோட்டைகள் சுவரோட சுவர் ஒட்டி நின்னுச்சாம். அதுல ஒரு கோட்டைக்குக் காத்தாயி காவல். பக்கத்துக் கோட்டைக்கு அவ தங்கச்சி செவந்தி காவல்.

என்ன காவல்ங்கிறீங்களா? தலையைத் தடவிப் பார்க்கிற காவல். கோட்டை நடுவுல அரண்மனை. ராஜா வெளியே வரமாட்டார், நூலாட்டம் மெலிஞ்ச தூதனுங்களை அனுப்புவார். பொறக்கும்போதே அவனுங்க உச்சந்தலையில மூணு முள்ளு இருக்கும். அதை உள்ளேயே மழிச்சு, தலைப்பா கட்டித்தான் வாசல் தாண்ட விடுவாங்க. அப்புறம் தூதன் போய்ச் சொல்ல, சமையல்காரர் பொன்னாண்டி சொன்னதை அப்படியே சமைப்பார். நீ யாருப்பான்னு ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

ஒரு நாள் கிருமிப்பய ஒருத்தன் கதவை ஏமாத்தித் திறந்து, சட்டையைக் கழட்டி வீசிட்டு, நேரா சமையல்கட்டுல போய் நின்னான். "அண்ணே, என்னை மாதிரியே ஆளுங்க வேணும், சமைங்க"ன்னான். சமைச்சார். "இன்னும்"னான். சமைச்சார். "இன்னும் இன்னும்"னான். அதையும் சமைச்சார்! உப்பு உறைப்பு பார்க்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு ஆளைப் பார்க்கத் தெரியலையே!

அப்போ காத்தாயி வந்து அவன் தலையில கையை வெச்சா. சுருக்குன்னு குத்துச்சு, மூணு முள்ளு.

"யாருடா நீ?"

"ராஜாவோட தூதன்க்கா. புழுக்கமா இருந்துச்சு, தலைப்பாவைக் கழட்டிட்டேன்."

"தலைப்பாவைக் கழட்டினே, சரி. மழிச்ச முள்ளு எப்படிடா முளைச்சுச்சு?"

பொன்னாண்டி குறுக்கே வந்தார். "தலை தடவுறதெல்லாம் ஒரு பொழப்பா? போம்மா அந்தாண்ட, அடுப்பு வேலை கெடுது."

காத்தாயிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "நம்ம விறகு, நம்ம அரிசி, நம்ம கை! அதுலேயே நம்மளைக் கொல்ல ஆள் ஆக்குறீங்களே, வெட்கமா இல்ல?" பிடிச்ச பிடி விடாம அவனை, கோட்டைக்கே அனல் குடுக்கிற உலைக்கூடம் வரைக்கும் இழுத்துட்டுப் போனா. "முள்ளு! மூணு முள்ளு!"

அங்கே வேலை பார்த்தவங்கள்ல ஒருத்தன் அதைக் கேட்டு அடுத்தவன் கையைக் கோத்தான், அவன் அடுத்தவனைக் கோத்தான், அப்படியே எல்லாரும் ஆபத்துக்குன்னே கட்டியிருந்த பெரிய மணியோட கயித்தைப் பிடிச்சாங்க.

பின்னாடியே ஓடிவந்த பொன்னாண்டி அலறினார். "அடிக்காதே! மணி அடிச்சா அடுப்பெல்லாம் அணையும், கோட்டை இடியும், நீயும் நானும் அதுக்குள்ள!"

"அடிக்கலேன்னா செவந்தி போவா, இந்தத் தொண்டையே போகும். இப்போ கணக்கா பேசுறீங்களே, கண்டவனுக்கு ஆக்கிப் போட்டப்போ இந்த வாய் எங்கே போச்சு? அடிங்கடா!"

அடிச்சாங்க. கோட்டை இடிஞ்சு, சட்டைகூடப் போடாத அவன் கூட்டத்தை நசுக்குச்சு. காத்தாயியும் அதுலேயே போயிட்டா.

அந்தக் கூட்டத்துல முன்னாடியே தப்பிச்ச ஒருத்தன் செவந்தி கோட்டைக்குள்ள புகுந்தான். மணிச்சத்தம் கேட்டதுமே அங்கே உஷாராகி அடுப்பையெல்லாம் அணைச்சு வெச்சிருந்தாங்க. "அண்ணே, என்னை மாதிரி ஆளுங்க"ன்னான். ஒருத்தரும் அசையலை. "இன்னும்"னான். அசையலை. கெஞ்சிக் கெஞ்சியே செத்தான்.

யாரு என்னன்னு பார்க்காம ஆக்கிப் போடுறவருக்கு நல்ல பேரு, தொட்டுப் பார்த்துக் கத்துறவளுக்கு வம்புக்காரின்னு பேரு. இது என்ன நியாயம்? இதைக் கேட்டவங்க நாளைக்கு அந்தப் பேரை மாத்திச் சொல்லணும், அவ்வளவுதான் கதை.