தேள் ஏன் கொட்டவில்லை?

வேங்கைமலை ராஜா மாறவேளுக்குப் புலி, சிறுத்தையெல்லாம் சலித்துப்போய், கடைசியில் ஒரு கருந்தேளின் மேல் ஆசை வந்தது. பிடித்துக் கொடுத்தவன் சபையின் விகடகவி வெள்ளியம்பலம். மணல் பரப்பிய பெரிய சட்டியில் தேளை விட்டு, வெளிச்சம் படாமல் திரை போட்டு, ராஜா சபையைக் கூட்டினார். தளவாய் சடையப்பர் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து ஒரு கொழுத்த கரப்பானைக் கொண்டுவந்து போட்டார்.

கரப்பான் நாலடி வைத்திருக்கும். மணலின் அதிர்வைக் காலாலேயே உணர்ந்த தேள் பாய்ந்து, முன்கை இடுக்கிகளால் கவ்வி நசுக்கித் தின்ன ஆரம்பித்துவிட்டது. வாலைத் தூக்கக்கூட இல்லை.

"கொட்டவே இல்லையே" என்றார் ராஜா, முகம் சுண்டிப்போய்.

தளவாய்க்கு வெள்ளியம்பலத்தைக் கண்டால் ஆகாது. "விஷமில்லாத தேளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான், பிரபு."

"அப்படியா? வெள்ளியம்பலம், உன் விரலைச் சட்டிக்குள் வை. பார்த்துவிடலாம்."

சபை ஆவலோடு எட்டிப் பார்த்தது. அடுத்தவன் விரல் என்றால் எல்லோருக்கும் ஆராய்ச்சியில் அக்கறை வந்துவிடும்.

வெள்ளியம்பலம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "வைக்கிறேன், மகாராஜா. தேளுக்கு மறுபடி பசிக்கும்வரை தவணை கொடுங்கள். அன்றைக்குக் கோட்டைக்கு வெளியேயிருந்து ஒரு வெட்டுக்கிளி வரட்டும். அதையும் கொட்டாவிட்டால் என் விரல்."

ராஜா ஒப்புக்கொண்டார். தேளுக்குப் பசி வரும்வரை வெள்ளியம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. தேள் கவ்வியதும் வெட்டுக்கிளி உதைத்தது, திமிறியது, பாதி தப்பியும்விட்டது. சட்டென்று தேளின் வால் வளைந்து இறங்கியது. வெட்டுக்கிளி அடங்கிப்போயிற்று.

வெள்ளியம்பலத்துக்கு மூச்சு வந்தது. "பார்த்தீர்களா, பிரபு? விஷத்தை அது வீணாக்காது. பேசாமல் அடங்குகிற இரைக்கு இடுக்கியே போதும். திமிறுகிறதைத்தான் கொட்டும்."

"அந்தக் கரப்பான் ஏன் திமிறவில்லை?"

"அரண்மனையில் பிறந்து, அரண்மனைச் சோறு தின்று வளர்ந்தது, மகாராஜா."

ராஜாவின் மீசை துடித்தது. சபையைத் திரும்பிப் பார்த்தார். "உங்களைத்தான் சொல்கிறான். நான் பிடித்து நசுக்கினாலும் திமிறமாட்டீர்களாம். உண்மையா?"

"உண்மைதான், மகாராஜா" என்றது சபை ஒரே குரலில்.

"எனக்கென்னவோ பொய் என்று தோன்றுகிறது."

"சுத்தப் பொய், மகாராஜா" என்றார் தளவாய், முதல் ஆளாக.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் மோதிரத்தைக் கழற்றி, தப்பித்த அந்த விரலிலேயே போட்டுவிட்டார்.

ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது. அவர் நிறுத்தியதும் நிறுத்திக்கொண்டது.