முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், நீண்ட பேச்சைக் கேட்டால் தலைவலி வரும் அரசன் ஒருவன் இருந்தான்.

அவன் தலைநகரை ஒட்டி அரண்மனைச் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. கிளிஞ்சலைச் சுட்டு எடுப்பார்கள். ஒரு நாள் அந்தக் களத்துக் கண்காணி சங்கிலி, சுண்ணாம்பை நீற்றும் குழியில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். உடம்பின் மேல் சுட்ட சுண்ணாம்பு கொட்டி மூடியிருந்தது. களத்தில் கூடை சுமக்கும் ஒச்சாயியைப் பிடித்து வந்தார்கள். முதல் நாள்தான் அவள் சங்கிலியை எல்லோர் எதிரிலும் ஏசியிருந்தாள். கை வெந்துபோகாமல் இருக்கக் களத்து ஆட்களுக்கு அரண்மனை கொடுக்கும் நல்லெண்ணெயை அவன் வெளியில் விற்றுவிட்டான் என்பது சண்டை.

ஊர் கொதித்தது. சங்கிலி நல்லவன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கூலிக்காரி கண்காணியை அடித்துக் கொன்றாள் என்பது பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் கெடுக்கும் செய்தி.

"இந்த வழக்கில் ஆளுக்கு ஒரு வியாக்கியானம் சொல்லக் கூடாது" என்றான் அரசன். "இவளுக்குச் சாதகமாக என் அவையில் எவன் ஒரு வார்த்தை பேசினாலும், அவனும் இவளோடு கழுவேறுவான்."

பறையடித்து அறிவித்தார்கள். வழக்குப் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே காய்ச்சல் வந்துவிட்டது.

அமைச்சர் அனந்தபாலர் எழுந்தார். "அரசே, குற்றவாளியின் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது பழைய வழக்கம். ஆள் நிற்காமல் கழுவேற்றினால் பழி வரும். நம் விகடன் வேம்பன் நிற்கட்டுமே. எதற்கும் வழி கண்டுபிடிப்பவர் அல்லவா?"

அவையில் சிரிப்பு பரவியது. "நிற்கட்டும்" என்றான் அரசன். வேம்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. பேசினால் அவன் சாவான். பேசாவிட்டால் அவள் சாவாள். நிற்க மாட்டேன் என்றால் அரசாணையை மீறிய குற்றம். மூன்று வருடமாக அமைச்சர் தோண்டிய குழிகளில் இதுதான் ஆழமானது.

"உத்தரவு அரசே" என்றான்.

சிறையில் ஒச்சாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குய்யா வந்தீரு? வேடிக்க காட்டவா?"

"உன் பக்கத்துல நிக்கச் சொல்லியிருக்காங்க."

"நின்னு?"

"பேசக் கூடாதாம்."

"அப்ப எரும மாட்டக் கொண்டாந்து நிறுத்தலாமே. அதுக்குத் தீனியாச்சும் போடுவாக."

வேம்பன் அவள் எதிரில் குந்தினான். "நீ கொன்னியா?"

"ஏசுனேன். கொல்லல. கொல்றதுக்கு எனக்குப் பொழுது ஏது?"

"கையைக் காட்டு."

அவள் நீட்டினாள். உள்ளங்கை காய்ந்த ஏரி போல வெடித்திருந்தது. வேம்பன் அவள் கைகளைத் திருப்பித் திருப்பி முழங்கை வரை பார்த்தான். புதுக் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. வேம்பனும் சிறுவயதில் அதே களத்தில் கிளிஞ்சல் கூடை சுமந்தவன்தான். அரண்மனைக்கு வந்த பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி ஆகப்போவதும் இல்லை.

"நாளைக்கு நான் உனக்கு எதிரா பேசுற மாதிரிதான் இருக்கும். வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

மறுநாள் அவை நிரம்பி வழிந்தது. வெளியே கழுமரம் நட்டு எண்ணெய் பூசியிருந்தார்கள். அதற்கு மட்டும் எண்ணெய் தட்டுப்பாடு இல்லை.

ஊரெல்லாம் ஏற்கெனவே சொல்லித் திரிந்த கதையோடு அமைச்சரின் சாட்சி மாரப்பன் வந்தான். வெற்றிலைக் கொடிக்கால் காவல்காரன், வழவழவென்று முகம்.

"வேலிக்கு இந்தாண்ட நின்னு என் கண்ணால பாத்தேனுங்க. கடப்பாரையால ஓங்கி அடிச்சா. குழியில தள்ளுனா. காளவாயிலருந்து சுட்ட சுண்ணாம்ப ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி மேல போட்டா. அப்புறம் தொட்டியில கை கழுவிட்டுப் போயிட்டா. தண்ணி செவந்து போச்சுங்க."

அவையில் பெண்கள் சிலர் முகத்தை மூடிக்கொண்டார்கள். அரசன் வேம்பனைப் பார்த்தான். "நீ ஏதாவது சொல்ல வேண்டுமா?"

கழுவேற்றுகிறவன் வாசலில் வந்து நின்றான்.

"அரசே, நான் இவளுக்காக ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை" என்றான் வேம்பன். "மாரப்பனுக்காகப் பேச வந்திருக்கிறேன். இப்படி ஒரு கண்ணும் இப்படி ஒரு நெஞ்சுரமும் உள்ள சாட்சி நம் நாட்டில் இருப்பது நமக்குப் பெருமை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்றே அவை கொள்ள வேண்டும். ஒன்றைக்கூடத் தள்ளக் கூடாது."

அமைச்சரின் புருவம் உயர்ந்தது. பயந்துவிட்டான் என்று நினைத்துப் புன்னகைத்தார்.

வேம்பன் சாட்சியிடம் போய்க் கைகூப்பினான். "அண்ணே, பின்னால யாரும் கொறை சொல்லிரக் கூடாது. அதுக்குத்தான் கேக்குறேன். வெறும் கையாலதான் அள்ளுனாளா? மம்பட்டி இல்லையா?"

"வெறும் கைதான்."

"எதுவரைக்கும் அப்பியிருந்துச்சு?"

மாரப்பன் அமைச்சரை ஒரு முறை பார்த்தான். "முழங்கை வரைக்கும்."

"சேலையில கீலையில தொடச்சாளா, நேரா கழுவுனாளா?"

"நேரா கழுவுனா."

"சும்மா நனச்சாளா?"

"நல்லாத் தேச்சுக் கழுவுனா. ரத்தமில்ல? சும்மா போயிருமா?"

"போவாதுதான்" என்றான் வேம்பன்.

அவன் ஒவ்வொரு கதவாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே இருந்தவனுக்கு அது தெரியவில்லை.

"அரசே, கொலையைக் காதால் கேட்டால் போதுமா? கண்ணால் கண்டவர் இருக்கும்போது நாமும் காண வேண்டாமா? மாரப்பன் அவள் செய்ததை அப்படியே செய்து காட்டட்டும். சுண்ணாம்பை நான் கொண்டுவந்தால் சூது செய்தேன் என்பார்கள். அமைச்சரின் ஆட்களே அதே காளவாயிலிருந்து கொண்டுவரட்டும்."

கூத்துப் பார்ப்பதில் அரசனுக்கு ஆசை அதிகம். "ஆகட்டும்" என்றான்.

ஆள் போனான். வேம்பன் நின்ற இடத்தில் வியர்த்தான். நாள்பட்டுக் காற்றில் கிடந்து நீறிப்போன சுண்ணாம்பாக இருந்தால் அது வெறும் மாவு. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. மாரப்பன் கையை உதறிவிட்டுச் சிரிப்பான், ஒச்சாயி கழுவில் இருப்பாள். முடிவு தெரியாத சோதனையை நடுச்சபையில் வைப்பது மடத்தனம் என்பது வேம்பனுக்குத் தெரியும். வேறு வழி இல்லாததும் தெரியும்.

கூடை வந்தது, ஒரு தொட்டி நீரும் வந்தது. தூக்கி வந்தவன் வெயிலில் ஓடி வந்திருந்தான். குனிந்து இறக்கும்போது அவன் நெற்றி வியர்வை ஒரு கட்டியின் மேல் சொட்டியது. சொட்டிய இடம் மெல்ல 'உஸ்' என்றது. நூல் போல ஆவி எழுந்தது.

யாரும் கவனிக்கவில்லை. வேம்பன் மூச்சை விட்டான்.

மாரப்பன் தயங்கவே இல்லை. களத்தில் ஒரு நாள் வேலை செய்தவன் அந்தக் கூடையைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். இவனோ மாவு பிசைகிறவன் மாதிரி இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டு, நொறுங்கிய தூளை அள்ளி அள்ளிக் காட்டினான். கை வெள்ளை வெளேர் என்றாயிற்று.

"இப்ப கழுவுங்கண்ணே. நல்லாத் தேச்சு."

தொட்டி நீரில் கைகளை விட்டுத் தேய்த்தான். ஒரு கணம் ஒன்றும் இல்லை. ஒச்சாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும்.

பிறகு அவன் போட்ட அலறலில் மேல் மாடத்துப் புறாக்கள் கலைந்தன. கையிலிருந்து ஆவி வந்தது. அவன் மறுபடி தண்ணீருக்குள் கையை விடப் போனான். வேம்பன் அவனைப் பிடித்து இழுத்து, இடுப்பில் கட்டி வைத்திருந்த சுரைக்குடுக்கையிலிருந்து நல்லெண்ணெயைக் கொட்டித் துணியால் வழித்துவிட்டான். தோல் சிவந்து புடைத்துக்கொண்டிருந்தது.

"நான் பாக்கலைங்க சாமி" என்று மாரப்பன் தரையில் புரண்டான். "அமைச்சர்தாங்க சொல்லச் சொன்னாரு. கை கழுவுனான்னு சேத்துச் சொன்னா நம்புவாங்கன்னு அவருதாங்க…"

அனந்தபாலர் தூணைப் பார்த்தார்.

அரசன் அரியணையை விட்டு இறங்கினான். நேராக ஒச்சாயியிடம் போனான். "கையைக் காட்டு." அவள் நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், மாரப்பன் கையைப் பார்த்தான், மறுபடி அவள் கையைப் பார்த்தான்.

"இந்தக் கை சுண்ணாம்பை அள்ளவும் இல்லை, கழுவவும் இல்லை" என்றான். "இவள் இதைச் செய்யவில்லை."

வேம்பன் தடாலென்று அரசன் காலில் விழுந்தான்.

"அரசே, போதும். மேலே பேசாதீர்கள்."

"என்ன?"

"இந்த அவையில் இன்றைக்கு இவளுக்குச் சாதகமாக வாய் திறந்தவர் ஒருவர்தான். நான் இல்லை, வேண்டுமானால் கட்டியக்காரரைக் கேளுங்கள்." வேம்பன் தலையைத் தூக்கவில்லை. "கழுமரம் ஒன்றுதான் நட்டிருக்கிறோம். அதுவும் தங்கள் எடைக்குச் செதுக்கியது இல்லை."

வாசலில் நின்ற கழுவேற்றுகிறவன் மெதுவாகத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அரசனின் முகம் சிவந்தது. கை வாளின் பிடிக்குப் போயிற்று.

"அமைச்சரே" என்றான் அரசன். "என் ஆணை என்ன?"

"எவன்… எவன் பேசினாலும் என்று…" என்றார் அனந்தபாலர்.

"எவன் பேசினாலும்."

அரசனின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். கடைசியில் அரியணைப் படியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். "என் வாயாலேயே என்னைக் கழுவேற்றப் பார்த்தானே. பிடுங்குங்கள் அந்த மரத்தை. ஆணையையும் சேர்த்துப் பிடுங்குங்கள். இனி என் நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காகப் பேசுகிறவன் மேல் எவனும் கை வைக்கக் கூடாது."

அமைச்சரின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வாங்கினார்கள். சங்கிலி விற்ற எண்ணெயில் அவருக்குப் பங்கு உண்டு என்பது மட்டும் பிறகு வெளியே வந்தது. சங்கிலியைக் கொன்றது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த நாட்டில் வழக்காடப் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்: கொன்றவன் யார் என்று கண்டுபிடிப்பது உன் வேலை இல்லை, கொல்லாதவளை மரத்திலிருந்து இறக்குவதுதான் உன் வேலை. சாட்சியோடு மல்லுக்கட்டாதே, அவன் போகிற வழியிலேயே கூட நட. தீர்ப்பை நீ சொல்லாதே, சொல்ல வேண்டியவர் வாயில் வரும்வரை பொறுத்திரு. சுண்ணாம்பு நீறியதா நீறாததா என்று முதலில் பார்த்துக்கொள். இதைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பி ஒரு நாள் கூடை சுமக்க வைப்பார்களாம்.

"என்ன வேண்டும் கேள்" என்றான் அரசன் வேம்பனிடம். "பொன்னா, நிலமா?"

"களத்துக்குப் போய்ச் சேராத நல்லெண்ணெய், அரசே. கண்காணி கையில் கொடுக்காமல், வேலை செய்கிறவர்கள் கையிலேயே."

அரசன் மறுபடி சிரித்தான். அதையும் கொடுத்து, தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையையும் எடுத்து வேம்பன் மேல் போர்த்தினான்.

வாசலில் ஒச்சாயி நின்றிருந்தாள். கட்டு அவிழ்த்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வேம்பன் மேல் கிடந்த சால்வையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எண்ணெ எப்ப வரும்?"